பிரஷர் தனியாக வருவதில்லை: எல்லா நோய்க்கும் சேர்த்து ஒரே தாள்

வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வந்து மேசையில் கொட்டுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தான்: டப்பாவில் இருப்பது, கைப்பையில் இருப்பது, தலையணைக்குப் பக்கத்தில் கிடப்பது, பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை, கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து, இன்ஹேலர், யாரோ நல்லது என்று சொன்னதால் வாங்கி வந்த மூலிகைப் பொடி, சத்து மாத்திரை. பிரஷரோடு சுகர், கிட்னி, இதயம், மூட்டுவலி என்று இரண்டு மூன்று சேர்ந்து இருப்பவர் வீட்டில் வேலையை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிரஷர் மெஷின் அதற்கு அப்புறம்.

என் அம்மாவுக்கு முதன்முதலாக இதைச் செய்தபோது மேசையில் 14 அட்டைகள் கிடந்தன. இரண்டு அட்டைகளுக்குப் பெயரும் வேறு, நிறமும் வேறு. பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தால் இரண்டிலும் டெல்மிசார்ட்டன் 40. ஒன்று பிரஷருக்குப் பார்த்த டாக்டர் எழுதியது. இன்னொன்று சுகருக்குப் பார்த்தவர் கிட்னிக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எழுதியது. இரண்டு பேர் எழுதியதிலும் தப்பில்லை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசாச்சு என்று நாங்கள் விட்டிருந்தோம்.

சுகர் டாக்டர் சுகரைப் பார்ப்பார், இதய டாக்டர் இதயத்தைப் பார்ப்பார், எலும்பு டாக்டர் முட்டியைப் பார்ப்பார். மூன்று சீட்டும் போய்ச் சேருகிற வயிறு ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆளும் ஒரு தாளும் வேண்டும். ஆள் நீங்களாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். தாள் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தாளில் என்ன எழுதுவது

கம்பெனி வைத்த பெயரை எழுதாதீர்கள், அல்லது அதை ஓரமாக எழுதுங்கள். அட்டையின் பின்னால் சின்னதாக இருக்கும் மருந்தின் மூலப்பெயர்தான் முக்கியம்: அம்லோடிபின், லோசார்ட்டன், மெட்ஃபார்மின் என்று. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள், எங்கள் வீட்டு டெல்மிசார்ட்டன் ஒளிந்திருந்தது அப்படி ஒரு கூட்டு மாத்திரைக்குள்தான். பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது. 'எதற்காக' என்ற இடத்தில் உங்களால் ஒன்றும் எழுத முடியவில்லை என்றால் அந்த மருந்தின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

நிறுத்திய மருந்துகளையும் எழுதுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். காரணம் எழுதி வைக்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் நல்ல மனசோடு அதையே மறுபடி எழுதுவார், நீங்களும் மறுபடி இருமுவீர்கள். அதைவிட மோசமாக, இருமலுக்குத் தனியாக ஒரு மருந்தும் கால் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். ஒரு மாத்திரையின் தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை என்று பட்டியல் நீள்வது இப்படித்தான்.

தாளின் பின்பக்கம் கடைசியாக எடுத்த கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி), சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, எல்லாம் தேதியோடு. தாளை போனில் படம் எடுத்து வீட்டில் இன்னும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேசையில் கொட்டிப் பார்த்த வேகத்தில் எதையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற, இதயத்துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர்களையும் குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். ஒரே மருந்து இரண்டு முறை இருப்பதைக் கண்டுபிடித்தாலும் அன்றைக்கே டாக்டரையோ மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரையோ கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

சரி, இப்போது மெஷின்

மேல்கையில் கட்டுகிற மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். பட்டை அளவு சரியாக இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் இல்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தால் முதலில் போய்விட்டு வாருங்கள், அதுவும் அளவை ஏற்றும். அப்புறம் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை சட்டைக் கைக்கு மேல் அல்ல, வெறும் கையில். கை மேசையில், நெஞ்சு உயரத்தில். பேசாதீர்கள். பார்க்க வந்தவரிடம் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டுக்கொண்டே காற்றை ஏற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பதில் சொல்லச் சொல்ல மேல் எண் (135/85 என்றால் 135) ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 7 நாள் காலையும் மாலையும் பார்த்தால் போதும், காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பு. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85, ஆஸ்பத்திரியில் 140/90, இவற்றுக்கு மேல் போனால் கூடுதல் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எது அதிகமோ அந்தக் கையையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துடிப்பு சீரில்லாமல் அடிக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு மெஷின் கணக்குத் தவறலாம், அவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு அளக்கத் தெரிந்தவரிடம் பார்ப்பது நல்லது.

ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பயத்தில் பார்க்கப் பார்க்கக் கூடும், கூடக் கூடப் பயம் வரும். மெஷினை அலமாரியில் வையுங்கள்.

சுகர் உள்ளவர்கள், வயதானவர்கள், பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடுபவர்கள் நின்றுகொண்டும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20க்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10க்கு மேல் இறங்கினால், அதைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுவது பெரும்பாலும் இந்தக் கதைதான். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டால் அப்புறம் பிரஷர் எண் அழகாக இருந்து என்ன பிரயோஜனம்?

எந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், வேறு நோய் இல்லாதவருக்கு 140/90க்குக் கீழே. இதய நோய், சுகர், கிட்னி பாதிப்பு உள்ளவருக்கு மேல் எண் 130க்குக் கீழே. ஆனால் தலைசுற்றி விழுகிற 80 வயதுக்காரருக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தலாம், தளர்த்தவும் வேண்டும். 'இவருக்கு எவ்வளவு?' என்று நேராகக் கேட்டு அந்த எண்ணைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மூட்டுவலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதிகமாகச் சிக்கல் கொடுப்பது அதுதான். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரைகள் எல்லாம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷரை ஏற்றும், கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். பிரஷருக்கு லோசார்ட்டனோ ராமிப்ரிலோ ஏற்கெனவே போடுகிறார், கூடவே நீர் பிரிகிற மாத்திரையும் இருக்கிறது, மூன்றாவதாக இந்த வலி மாத்திரை சேர்ந்தால் கிட்னி திடீரென்று படுத்துவிடக் கூடும். வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. 'வேற என்ன மாத்திரை போடறீங்க' என்று டாக்டர் கேட்டால் பிரஷர், சுகர் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், பையில் கிடக்கிற அட்டை நினைவுக்கே வராது. பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன்னால் வலி மாத்திரையைத் தேடுங்கள். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை, ஆனால் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற வகை வேண்டாம். அந்த ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 1 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கலாம், சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு நாளைக்கு நான்கு மாத்திரை கரைத்துக் குடித்தால் கணக்கு எங்கே போகும்? வலிக்கு மேலே தடவுகிற ஜெல், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு இவற்றை முதலில் கேளுங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறக்குறைய 1 இறங்கும், முட்டியும் கொஞ்சம் மூச்சு விடும்.

சுகர் இருந்தால் பிரஷரைக் குறைப்பதன் பலன் பெரிது. பிரிட்டனில் 1998இல் வெளிவந்த ஒரு நீண்டகால ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பிரஷரைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்த பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சுகர் எண்ணையே பார்த்துக்கொண்டு பிரஷரைக் கோட்டைவிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சுகருக்கு ஊசியோ, தாழ்சர்க்கரை வரவைக்கிற மாத்திரையோ எடுப்பவர் பீட்டா பிளாக்கரும் போட்டால், சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பும் கை நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்: காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் முதலில் சுகரைப் பார்.

கிட்னிக்கு வருவோம். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகைகள் கிட்னியைக் காப்பாற்றுவதற்காகவே கொடுப்பவை, சுகர்காரருக்குச் சிறுநீரில் அல்புமின் போனால் முதல் தேர்வு அவைதான். ஆனால் ஆரம்பித்தாலும் அளவைக் கூட்டினாலும் 1 முதல் 2 வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தே ஆக வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் தேட வேண்டும். அதனால் லேசாக ஏறியதைப் பார்த்து, கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை என்று பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள். 'லோ சோடியம்' உப்பு இவர்களுக்கு ஆபத்து: அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னி நன்றாக உள்ளவருக்கு நல்ல மாற்றுதான், கிட்னி சோர்ந்தவருக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற, பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற நீர் மாத்திரை போடுபவருக்கும் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். கருத்தரிக்க நினைப்பவர்கள், கருவுற்றவர்கள் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகளை எடுக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

ஆஸ்துமா இருந்தால் ப்ரொப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் ஆகாது. இதில் ஒரு சின்ன ரகசியம், கண் நீர் அழுத்தத்துக்குப் போடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் அதே இனம்தான். கண்ணில் விடுகிற ஒரு சொட்டு நெஞ்சில் வீசிங் கொண்டுவரும் என்று யாருக்குத் தோன்றும்? கண் சொட்டு மருந்தையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வலிக்கிற நோய்) உள்ளவருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் என்ற நீர் பிரிகிற மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பிரஷரை ஏற்றும், அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தாலும் ஏறும், கூடவே பொட்டாசியம் இறங்கும். ஸ்டீராய்டு பிரஷர், சுகர் இரண்டையும் ஏற்றும். இதயம் பலவீனமானவர்கள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, தேங்கிய நீர், அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. அதில் பாக்கெட்டில் வருவதும் சேர்த்தி.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் பிரிகிற மாத்திரை, ராமிப்ரில், லோசார்ட்டன் வகை, மெட்ஃபார்மின், சுகருக்குப் போடுகிற டாபாகிளிஃப்ளோசின் வகை இவற்றைச் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எது, எத்தனை நாள், மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்துக்கொண்டு இருக்கும்போது யாரையும் தேட முடியாது.

மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா என்று பெரிய சண்டை நடக்கும். பிரிட்டனில் 21,104 பேரை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2022இல் வந்தது: மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம்தான் நல்ல நேரம். நீர் பிரிகிற மாத்திரையை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கமாவது மிஞ்சும்.

அக்கம்பக்கம் சேர்ந்து செய்தால்

இந்த நோய்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்பது வருடத்துக்குச் சில மணி நேரம். மீதி நாள் முழுக்க வீட்டிலும் தெருவிலும்தான். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கையில் 30 கிராமப்புறப் பகுதிகளில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து, பேசி, தேவையானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் வழக்கமான சிகிச்சையைவிட மேல் எண் 5 அதிகமாக இறங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் இன்னும் சுவாரசியம்: முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் வாடிக்கையாளர்களுக்குப் பிரஷர் மருந்து எழுதிக் கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 இறங்கியது. ஒப்பீட்டுக் குழுவில் 9தான். தெரிந்த ஆள், தெரிந்த நாற்காலி, அதனால் வந்தார்கள்.

உங்கள் குடியிருப்பிலோ தெருவிலோ இதைச் சின்னதாகச் செய்யலாம். ஒரு நல்ல மெஷின், இரண்டு அளவில் பட்டை, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஐந்து நிமிடம் உட்கார ஒரு அமைதியான மூலை. எண்ணை அவரவர் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். பொது நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி மேசையில் விரித்து வைக்காதீர்கள், ஒருவர் சுகர் இன்னொருவர் வாய்க்குப் போக வேண்டியதில்லை. பார்க்கிறவர் மாத்திரை சொல்லக் கூடாது, இது முதல் விதி. 'எனக்கு இதுதான் கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க' என்பது இரண்டாவதாகத் தடுக்க வேண்டியது. மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேளுங்கள், 7 நாளுக்குக் கீழே என்றால் இன்றே வாங்கச் சொல்லுங்கள். தனியாக இருப்பவருக்கு வாங்கிக் கொடுக்க ஒருவரை அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு ஒரு போன்.

மெஷினில் 180/120க்கு மேல் காட்டினால் முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் எண்ணை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், இதில் ஏதாவது இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். எதுவும் இல்லை என்றால் உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைத்து சட்டென்று இறக்குகிற பழைய வழக்கத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மளமளவென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் பற்றாமல் போகும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். பக்கவாதத்தில் அங்கே கேட்கிற முதல் கேள்வி அதுதான். குடிக்கவோ விழுங்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். கிளம்பும்போது மெஷின் வேண்டாம், மாத்திரைப் பையைத் தேடிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.